திறாங்கு போடாத கதவு

இப்போது மன்னாரில் பிளாஸ்டிக் கதவு வந்துவிட்டது. கடையில் நிலையோடு சேர்த்தே தருகிறார்கள். இரண்டு பேர் போனால் அரை நாளில் பொருத்திப் பூட்டிவிட்டு வரலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு வேலை படிப்பிக்கும் நசீர் தங்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, நான் இதைப் பற்றிக் குறைப்பட்டு எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்தார்.

“ஐயா, பழைய மரவேலை எப்பிடி, இப்பத்தைய வேலை எப்பிடி எண்டு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. பிள்ளையளுக்குப் பிரயோசனமா இருக்கும்” என்றார்.

பிளாஸ்டிக் கதவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது மழைக்கு ஊதாது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில், ஒரு அறைக்கு மட்டும் அப்படி ஒரு கதவு இருந்திருந்தால் ஒரு மனுசி அன்றைக்குச் செத்திருக்கமாட்டார். இன்னொரு பெண் தன் வீட்டை விட்டுப் போயிருக்கமாட்டாள். அந்த அறைக் கதவில் கைவைத்தவன் நான். நசீர் கேட்ட கட்டுரை இது இல்லை. ஆனால் தொழில் அனுபவம் என்று என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது இதுதான்.

நான் படித்தவன். உயர்தரத்தில் கணிதம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. வீட்டில் என்னைக் கந்தோர் வேலையில் பார்க்க ஆசைப்பட்டார்கள். அரச திணைக்களம் ஒன்றின் வேலைத்தளத்துக்கு மரவேலை செய்கிற ஓடாவிமார் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேறு ஒன்றும் வராததால், போய்ச் சேர்ந்தேன். அறுக்கப் பழகினேன், சீவப் பழகினேன், இடதுகைச் சுட்டுவிரலின் நுனியை வாளுக்குக் கொடுத்தேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான். ஓவசியர் கனகரத்தினம் எங்கள் வேலைத்தளத்துக்கு மாறி வந்த பிறகுதான் உண்மையில் ஓடாவி ஆனேன்.

அவர் ஒருவரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு பழைய இரண்டு ரூபாய்க் குத்தி வைத்திருப்பார். கதவைப் பூட்டி முடித்து அவரைக் கூப்பிட்டால், வந்து சாத்தச் சொல்வார். பிறகு கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள நீக்கலில் அந்தக் காசை விளிம்பால் செருகி, மேலிருந்து கீழே மெல்ல இழுத்துக்கொண்டு வருவார். முதலில் பிணைச்சல் பக்கம், பிறகு தலைப்பக்கம், கடைசியில் கைபிடிப் பக்கம். தடையில்லாமல் ஓடினால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கதவுக்குப் போவார். எங்காவது இறுகினால் காசை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, “காசு நிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கந்தோருக்கு நடந்துவிடுவார். நாங்கள் கதவைக் கழற்றி, அந்த இடத்தைச் சீவி, மறுபடி பூட்டி, காசைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்க வேண்டும். அந்த நடைதான் தண்டனை. கந்தோரில் இருப்பவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“என்ன சூசை, ஓவசியற்றை காசைத் திருப்பிக் குடுக்க வந்தனியோ? வட்டியையும் வைச்சிட்டுப் போ” என்பார் என்னைப் பார்த்து எழுதுவினைஞர் ஒருவர். கனகரத்தினத்தார் சிரிக்கமாட்டார். காசை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போடுவார்.

நம்முடைய கரையில் மரம் ஒரே அளவில் நிற்பதில்லை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் காய்ந்து ஒடுங்கும். மாரியில் ஈரத்தைக் குடித்து ஊதும். சோளகத்தில் பூட்டுகிற கதவுக்கு மாரிக்கென்று இடம் விட வேண்டும். விட்டாலும் போதாது. முதல் பெருமழை பெய்து ஓய்ந்ததும் கனகரத்தினத்தார் எங்களைச் சீவுளியோடு அரச குவாட்டர்ஸுகளுக்கு அனுப்புவார். யாரும் முறைப்பாடு செய்யாவிட்டாலும், அந்த வருடம் பூட்டிய ஒவ்வொரு கதவையும் போய்த் திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும். வெளி வேலை செய்கிற ஓடாவிமாரும் இங்கே அதைத்தான் செய்வார்கள். சோளகத்தில் கதவு பூட்டியவன் மழைக்கு ஒருதரம் வருவான். கூலி கேட்கமாட்டான், தேத்தண்ணி கொடுத்தால் குடித்துவிட்டுப் போவான்.

ஒரு மழை நாளில் சைக்கிளில் சேற்றுக்குள்ளால் போக அலுத்து அவரிடம் கேட்டேன். “சேர், கதவு இறுகினால் அவையே கூப்பிடுவினம்தானே? நாங்கள் ஏன் வீடு வீடாப் போகவேணும்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இறுகின கதவுக்கு உள்ளுக்கை நிக்கிறவன் எப்பிடியடா கூப்பிடுவான்?” என்றார். பிறகு, “அடைக்கிறதுக்குச் சுவர் இருக்கு. கதவு திறக்கிறதுக்கு” என்றார். அவர் என்னோடு சேர்ந்தாற்போல் இரண்டு வசனம் பேசியது அந்த ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

இதைத் தெரியாமல் பிழை விட்டேன் என்று நான் சொல்ல முடியாது. யுத்தம் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிய காலத்தில், சிலாவத்துறையில் ஒரு வீட்டுக்குக் கதவு பூட்டப் போனேன். அதுவரை அந்த வீட்டு வாசலில் தறப்பாள்தான் தொங்கியது. நான் பூட்டி முடித்ததும் அந்த வீட்டுப் பெண் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக நின்றார். பிழை ஏதும் இருக்கிறதோ என்று கேட்டேன்.

“இல்லை ஓடாவி, சும்மாதான். சாத்திற சத்தம் கேட்டு எவ்வளவு காலம்” என்றார். கொஞ்சம் கழித்து, “கீழால மணல் வருமே, அதை மட்டும் அடைச்சு விட ஏலாதா?” என்று கேட்டார்.

“மணல் வந்தால் கூட்டலாம் தங்கச்சி. கதவு இறுகினால் ஒண்டும் செய்ய ஏலாது” என்று சொல்லி மறுத்துவிட்டேன். அந்த வருட மழைக்கு பஸ் ஏறிப் போய் அந்தக் கதவைப் பார்த்துவிட்டும் வந்தேன். ஆகவே எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குள் சில்லறை வேலைகள் செய்தேன். கதிரைக் கால், அலுமாரிப் பூட்டு, படலை, ஒழுகுகிற கூரை என்று எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படித்த ஓடாவி, கவண்மேந்து ஓடாவி என்று ஒரு பெயர் இருந்தது. நான் ஒன்றைச் சொன்னால் மேலே ஒருவரும் கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

திரேசம்மாவின் வீடு எங்கள் தெருவின் கடைசியில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அவர் எனக்கு இரண்டொரு வயது மூத்தவர்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் இல்லை. ஒரே மகன் அன்ரன் கட்டாரில் வேலை செய்கிறான். அவனுடைய மனைவி ஜெசிந்தா விடத்தல்தீவுப் பெண். அவளும் சின்ன மகளும் மாமியோடு இருந்தார்கள். திரேசம்மாவுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கும்போது வாயில் வைத்து அமத்துகிற பம்ப் ஒன்று வைத்திருந்தார். அவர் படுக்கும் அறைக்குப் புறக் கதவு ஒன்றும் இல்லை. கூடத்திலிருந்து அறைக்குள் தள்ளித் திறக்கிற கதவு ஒன்று, கம்பி போட்ட யன்னல் ஒன்று, அவ்வளவுதான். கூடத்தின் வாசல் சோளகத்துக்கு நேரே இருந்ததால், காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து கூடத்தைக் கடந்து அந்த அறைக் கதவின் நீக்கலால் உள்ளே விசிறும்.

ஒரு சோளக காலத்தில் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் போனதும் கட்டில் விரிப்பை என் முன்னால் உதறினார்.

“பார் சூசை. செபப் புத்தகத்துக்கை மணல். தேத்தண்ணிக்கை மணல். வாயைத் திறந்துகொண்டு படுத்தால் பல்லுக்கை மணல். இந்தச் சோளகம் என்னை உயிரோடை புதைக்குது.”

“கீழே ஒரு சாக்கை மடிச்சு வையுங்கோ அக்கா. காத்து மாறினால் சரி.”

“சாக்கு வைக்க நீ என்னத்துக்கு? கவண்மேந்திலை இவ்வளவு காலமும் சாக்கோ மடிச்சனி?”

குசினியில் நின்ற ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. என்ன செய்கிறேன் பாருங்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு கதவைக் கழற்றினேன்.

கைபிடிப் பக்கத்து விளிம்பில் ஒரு வேப்பஞ் சட்டத்தை ஒட்டி ஆணி அடித்தேன். அடியிலும் ஒரு சட்டம் சேர்த்தேன்; அது நிலைப்படியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வேம்பு நன்றாகக் காய்ந்ததில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் பூச்சுப் பூசினேன். அடிப்பக்கத்துக்குப் பூசவில்லை. நிற்கிற கதவின் அடியை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் ஈரம் அதைத்தான் பார்க்கும். அந்த வழியால்தான் மரத்துக்குள் ஏறும். உள்பக்கத்தில் பழைய கைபிடி ஆடியது. புதியது ஒன்று போட்டேன். நீளத் திருகாணி கையில் இல்லாததால் கட்டை ஆணிகளால் பிடித்துவிட்டேன், பிறகு மாற்றலாம் என்று. அதற்கு மேலே திறாங்கு, அதாவது உள்ளேயிருந்து பூட்டுகிற இரும்புத் தாழ், பழையபடியே இருந்தது.

சாத்தியபோது தீப்பெட்டி மூடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு பொருந்தியது. கனகரத்தினத்தாரின் காசு அந்தக் கதவில் எந்த இடத்திலும் உள்ளே போயிருக்காது.

“இதல்லோ கதவு!” என்றார் திரேசம்மா.

ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஒருதரம் திறந்து சாத்திப் பார்த்தாள். “ஐயா, இது மாரியிலை இறுகாதோ? எங்கட ஊரிலை கதவுக்கு இடம் விடுவினம்” என்றாள்.

“உனக்கென்ன, நீ மற்ற அறையிலை படுக்கிறாய். மணல் தின்னுறது நான்” என்றார் மாமி.

சரியான கேள்வியைக் கேட்டவள் அவள். அதற்கு நான் சொன்ன பதில்: “பிள்ளை, நான் பூட்டின கதவுகள் எத்தினை மாரி கண்டது. மழை துவங்க வந்து பார்க்கிறன்.”

மழை துவங்கியது. நான் போகவில்லை.

போனால் சீவ வேண்டியிருக்கும். சீவினால் அவள் கேட்டது சரியென்று ஆகும். அவ்வளவுதான் காரணம். வருத்தம், வேறு வேலை என்று ஏதாவது சொல்லலாம். அப்போது அவை ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் அந்த வீட்டைக் கடந்து சைக்கிளில் போகும்போது ஜெசிந்தா படலைக்கு வந்து கூப்பிட்டாள்.

“ஐயா, மாமியின்ரை கதவு பிடிக்குது. அவவுக்கு இழுக்கக் கஷ்டமாக் கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

“கொஞ்சம் காயட்டும் பிள்ளை. ஈரத்திலை சீவினால் பிறகு நீக்கல் விழும்” என்றேன்.

இது பொய்யில்லை. ஈரமாக இருக்கும்போது சீவினால் காய்ந்த பிறகு நீக்கல் கூடத்தான் செய்யும். தொழிலில் உண்மையான ஒரு காரணம் கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது. என் வீம்பை அதற்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் மழை விடவில்லை. ஒரு நாள் காலை ஜெசிந்தாவின் மகளுக்குக் காய்ச்சல். அவள் பிள்ளையை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டாள். இந்த மழையில் பிள்ளையை நனைக்காதே என்று மாமி மறித்தார். வாய்த்தர்க்கம் வேலிக்கு அப்பால் கேட்டது. பக்கத்து வீட்டு எமலி பிறகு ஊருக்கே சொன்னாள்.

“போ, போ. நீ திரும்பி வரேக்கை நான் இருக்கமாட்டன்” என்றாராம் திரேசம்மா. அது அவர் கோபம் வந்தால் வழக்கமாகச் சொல்வது, என்னிடமே சொல்லியிருக்கிறார்.

“இருந்தால் இருங்கோ, போறதெண்டால் போங்கோ” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

தெருவில் வெள்ளம். பஸ் பிந்தி, அவள் திரும்பி வந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. கூடத்து மேசையில் பம்ப் இருந்தது. மாமியின் அறை சாத்தியிருந்தது. கூப்பிட்டாள், பதில் இல்லை. யன்னல் பலகைகளும் மழைக்குச் சாத்தியிருந்தன. அவள் கத்திய சத்தத்துக்கு எமலியும் இன்னும் சிலரும் ஓடி வந்து கதவைத் தள்ளினார்கள். அசையவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நான் அலவாங்கோடு போனேன். கதவில் கைவைத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திறாங்கு போட்ட கதவைத் தள்ளினால் தாழ் இருக்கிற இடத்தில் மட்டும் பிடிக்கும். மேலும் கீழும் கொஞ்சம் அசையும். இது சுற்றிவர, சுவர் மாதிரி நின்றது. ஈரம் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. அலவாங்கை நிலைக்கும் கதவுக்கும் இடையில், கைபிடி உயரத்தில் கொடுத்து நெம்பினேன். திறாங்கு போய்ப் பொருந்துகிற இரும்புக் கூடு அலவாங்கின் நுனி பட்டு நிலையில் இருந்து பிய்ந்து விழுந்தது. கதவு ஒரு சாண் திறந்து, பிறகு எதிலோ முட்டி நின்றது. நான்தான் மெலிந்தவன். பக்கவாட்டில் நுழைந்தேன்.

திரேசம்மா கதவின் அடியில் கிடந்தார். உடல் குளிர்ந்திருந்தது. வலது கையில் கைபிடி இருந்தது. கட்டை ஆணிகள் மரத்தோடு பிய்ந்து வந்திருந்தன. அவர் இழுத்திருக்கிறார், பிய்ந்து வரும்வரை இழுத்திருக்கிறார். திறாங்கு போடப்பட்டிருக்கவில்லை. அது பின்னால், இருக்க வேண்டிய இடத்தில், சும்மா இருந்தது.

“சூசையண்ணை, திறாங்கு போட்டிருந்ததோ?” என்று வெளியிலிருந்து எமலி கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது அந்தச் சொல். அதன் பிறகு நடந்ததற்கு அந்தச் சாட்டும் இல்லை. திறாங்கை முன்னுக்குத் தள்ளிவிட்டேன். அவருடைய விரல்களிலிருந்து கைபிடியை எடுத்து என் சாரத்துக்குள் செருகினேன். பிறகுதான் அவரை மெல்ல நகர்த்திக் கதவைத் திறந்துவிட்டேன்.

“மாமி திறாங்கு போடமாட்டாவே” என்று ஜெசிந்தா திரும்பத் திரும்பச் சொன்னாள். “விழுந்து கிடந்தால் ஆர் வாறதெண்டு பயத்திலை ஒருநாளும் போடமாட்டாவே!”

“ஓடாவியார் பார்த்தல்லோ சொல்லுறார். உனக்கென்ன தெரியும்? நீ வீட்டிலையோ நிண்டனி?” என்றாள் எமலி.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் அலவாங்கைப் பார்த்தேன்.

மரண விசாரணைக்கு வந்தவரிடமும் அதையே சொன்னேன். முட்டு வருத்தத்தால் வந்த இயற்கை மரணம் என்று எழுதினார்கள். சட்டத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. கோவிலும் முறைப்படி அடக்கம் செய்தது. ஆனால் ஊருக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. மருமகள் போகச் சொன்னாள். மாமி பம்ப்பை மேசையில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்த் திறாங்கைப் போட்டுக்கொண்டு செத்துப்போனார். இதை ஒருவரும் உரத்துச் சொல்லவில்லை. செத்த வீட்டில் ஜெசிந்தா இருந்த பாயில் ஒருவரும் போய் இருக்கவில்லை. அன்ரன் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தான். என் கையைப் பிடித்து, “நீங்கள் இல்லாட்டி அம்மா நாள்கணக்கிலை கிடந்திருப்பா ஐயா” என்று அழுதான். மனைவியோடு அவன் பேசியதை நான் காணவில்லை. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு அவன் திரும்பிப் போனான். ஜெசிந்தா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விடத்தல்தீவுக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். காசு மட்டும் பிள்ளைக்கென்று அனுப்புகிறான் என்று கேள்வி.

அடக்கத்தன்று எமலி எனக்குத் தேத்தண்ணி தந்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அண்ணை, அண்டைக்கு மத்தியானம் டக், டக் எண்டு ஒரு சத்தம் கேட்டது. எங்கட குசினித் தகரம் காத்துக்கு அடிக்குதாக்கும் எண்டு நான் பேசாமல் இருந்திட்டன். தகரம்தானே?”

“தகரம்தான்” என்றேன்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாவசங்கீர்த்தனம் செய்ய எனக்கு அடுத்த மாரி வரை எடுத்தது. கோவில் சுவாமி இளம் பிள்ளை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கடவுளோட உங்கட கணக்கு முடிஞ்சுது ஐயா. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கடவுளோட ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை ஊரோட. நீங்கள் ஊருக்கல்லோ சொல்லவேணும்.”

விடத்தல்தீவுக்குப் போனேன். ஜெசிந்தா முற்றத்தில் இருந்து நண்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். கதிரை போட்டாள், தண்ணி தந்தாள். நான் சாரத்துக்குள்ளிருந்து கைபிடியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“மாமியின்ரை அறைக் கைபிடி” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. அப்படி ஏதாவது செய்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அது எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“நீங்கள் ‘ஓம்’ எண்டது எனக்குக் கேட்டது ஐயா” என்றாள். “முதல் நான் நம்பேல்லை. பிறகு யோசிச்சுக்கொண்டே இருந்தனான். ஆர் கண்டது, நான் போகச் சொன்ன கோபத்திலை அண்டைக்கு ஒருநாள் போட்டிருப்பாவோ எண்டு. கடைசியிலை நானும் நம்பிட்டன்.”

வலையில் சிக்கியிருந்த ஒரு நண்டுக் காலை உடைத்து எடுத்து எறிந்தாள்.

“எனக்குச் சொல்லி என்ன செய்ய? அவருக்குச் சொல்லுங்கோ.” அவளே அன்ரனுக்கு அழைப்பு எடுத்து, எனக்கும் கேட்கும்படி போனைக் கதிரைக் கையில் வைத்தாள். முதல் தரம் அவன் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் எடுத்ததும் நான் பேசினேன். கதவில் நான் சேர்த்த சட்டத்திலிருந்து கைபிடி வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஐயா, நீங்கள் இப்ப எங்கை நிக்கிறியள்?”

“விடத்தல்தீவிலை, தம்பி.”

“அவ பக்கத்திலையோ இருக்கிறா?”

“ஓம்” என்றேன்.

“அப்ப சரி” என்றான். போன் நின்றுவிட்டது.

முதல் சொன்ன ஓம் பொய். அதை எல்லோரும் நம்பினார்கள். இது உண்மை, இதனால் நான் சொன்ன மற்றதெல்லாம் அவனுக்குப் பொய்யாகிவிட்டது. ஜெசிந்தா போனை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு வந்து மறுபடி வலையின் முன்னால் இருந்தாள். “பஸ்ஸுக்கு நேரமாகுது ஐயா” என்றாள். கைபிடியை என்னிடமே திருப்பித் தந்தாள்.

ஊருக்கும் சொன்னேன். முதலில் எமலிக்கு. அவள் கைபிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எந்தக் கதவின்ரையெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. “விடுங்கோ அண்ணை. அந்தப் பெட்டையிலை இரக்கப்பட்டுப் பழியை உங்கட தலையிலை போடப் பார்க்கிறியள். உங்களைப் போல மனம் ஆருக்கு வரும்?”

நான் சொன்னதை நம்பினால், அன்று கேட்ட சத்தம் தகரம் இல்லை என்று எமலி ஒத்துக்கொள்ள வேண்டும். பிழையில்லாத மனைவியைத் தள்ளி வைத்திருக்கிறேன் என்று அன்ரன் ஒத்துக்கொள்ள வேண்டும். என் பொய்யின் மேல் அவரவர் குடியிருக்கிறார்கள். அதை நான் கழற்றப் போனால் யாருக்கும் சம்மதமில்லை. கோவில் வாசலில் என்னைக் கண்டால் இப்போது முன்னையிலும் மரியாதையாக வழி விடுகிறார்கள். நல்ல மனுசன், வயது போய் மனம் இளகிவிட்டது என்கிறார்கள். ஜெசிந்தாதான் கிழவனைப் பிடித்துச் சொல்ல வைத்தாள் என்றும் பேசுகிறார்கள். அவளுக்கு நான் இரண்டாம் தரமும் கெடுதல் செய்திருக்கிறேன்.

ஆகையால்தான் இதை, மரம் தெரிந்தவர்கள் வாசிக்கிற மலரில் எழுதுகிறேன். என் சொல்லை நம்பச் சொல்லவில்லை. நீங்கள் கதவு பூட்டப் பழகுகிறவர்கள். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. திறப்பு எமலியிடம் இருக்கிறது. போய்க் கேட்டு வாங்குங்கள். உள்பக்கத்தில், அவர் செத்த அடுத்த நாள் நான் போட்ட புதுக் கைபிடிக்குக் கீழே, கட்டை ஆணிகள் மரத்தோடு பிய்ந்த நான்கு குழிகள் இருக்கின்றன. மக்கு வைத்து அடைத்திருக்கிறேன், நகத்தால் கீறினால் வரும். இந்தக் கைபிடியை நசீரிடம் தருகிறேன், வைத்துப் பொருத்திப் பாருங்கள். பிறகு கதவின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். கைபிடிப் பக்கத்திலும் அடியிலும் பூச்சு இல்லை. என் சீவுளி போன தடம் இருக்கிறது. ஒரு காசைச் செருகி இழுத்துப் பாருங்கள். இப்போது அது எந்த இடத்திலும் நிற்காது.

திறாங்கு போட்ட கதவை உடைத்துத் திறந்தால், அடுத்த நாள் ஓடாவி திறாங்கைத் திருத்துவான், நிலையைத் திருத்துவான். கதவின் விளிம்பில் அவனுக்கு வேலை இல்லை. நான் திரேசம்மாவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன், காலை வெளிச்சத்தில், அந்தக் கதவைக் கழற்றி முற்றத்தில் இரண்டு கதிரைகளின் மேல் கிடத்திச் சுற்றிவரச் சீவினேன். ஊர் நிறைந்து நின்றது. சுருள்களை எமலிதான் கூட்டி அள்ளினாள். பூட்டிக் கிடந்த கதவை இந்த மனுசன் ஏன் சீவுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.